அப்பாவின் புடலங்காயை ஏலம் கூறிய நாள்

எனக்குப் பதினொரு வயது நடந்த அந்த ஆண்டில் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் சும்மா கிடைக்கவில்லை. எல்லாம் ஏலத்தில்தான் போயிற்று. சட்டியில் மிஞ்சிய கடைசி மீன் பொரியல், தொலைக்காட்சி ரிமோட், காரின் முன் இருக்கை, காலையில் குளியலறைக்கு முதலில் போகும் உரிமை என்று எதைக் கண்டாலும் நான் ஒரு கதிரையில் ஏறி நின்றுவிடுவேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அம்மா ஒருநாள் கையில் கரண்டியோடு வந்து, "நான் ஒரு அறை தாறன். அதுக்கு மேல ஆரும் கேக்கினமோ எண்டு கூறிப் பார்" என்றார். யாரும் கேட்கவில்லை. அன்றைய ஏலம் அத்தோடு முடிந்தது.

இந்தப் பைத்தியம் எனக்குப் பாடசாலையில்தான் பிடித்தது. நாங்கள் இருந்தது டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில். மழை காரணமாக வெளியே விட முடியாத ஒருநாள், ஆசிரியை எங்களைக் கணினிகளுக்கு முன்னால் இருத்திவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார். ஏதோ தேடப்போய், அமெரிக்காவில் மாடு ஏலம் கூறும் ஒருவரின் காணொளி எனக்கு அகப்பட்டது. தலையில் பெரிய தொப்பி. வாய் ஓடிய ஓட்டத்தைச் சொல்லி முடியாது. அம்மா முன்னர் வேலை செய்த தையல் தொழிற்சாலையில் மெசின்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது எழும் சத்தம் எனக்கு நினைவில் இருந்தது. அந்த மனிதர் தனி வாயால் அதைச் செய்தார். ஒரு சொல்கூட விளங்கவில்லை, ஆனால் மாடுகள் விற்றுப்போய்க்கொண்டே இருந்தன. எனக்கு இதைவிட உயர்ந்த உத்தியோகம் உலகத்தில் இல்லை என்று அன்றே முடிவாகிவிட்டது.

காணொளியை மெதுவாக ஓடவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டபோது சூட்சுமம் பிடிபட்டது. அந்த மனிதர் அப்படியொன்றும் நிறையப் பேசவில்லை. இரண்டே எண்கள்தான். ஒன்று கையில் இருக்கும் விலை, மற்றது அடுத்து வேண்டிய விலை. மீதியெல்லாம் இடைவெளியை அடைக்கும் பஞ்சு. ஆனால் அந்தப் பஞ்சு நிற்கக் கூடாது. நின்றால் சனம் யோசிக்கத் தொடங்கிவிடும். யோசித்தால் விலை ஏறாது.

நான் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தேன். "இருபது இருபது கையில இருக்கு, இருபத்தஞ்சு ஆர் தாறது, தாறது தாறது ஆர் தாறது, இருபத்தஞ்சு தாங்கோ தாங்கோ." இரண்டாவது 'தாங்கோ'வில் மூச்சு எடுக்க வேண்டும். முதலில் நாக்கு சொற்கேட்கவில்லை. டேனிஷ்காரர் எண்ணைப் பின்பக்கத்தால் சொல்பவர்கள். இருபத்தைந்து அவர்களுக்கு 'ஐந்தும் இருபதும்'. நான் இரண்டு மொழியிலும் எண்ணிப் பழகியவள் என்பதால், வேகம் கூடக்கூட இருபத்தைந்து ஐம்பத்திரண்டாகிவிடும்.

திருத்தியவர் அப்பா. செவ்வாய்க்கிழமைகளில் நீச்சல் வகுப்புக்குக் காரில் கூட்டிப் போகும்போது நான் பக்கத்தில் இருந்து கூறிக்கொண்டே போவேன். அப்பா அதிகம் கதைக்காத மனிதர். தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் வெளியே போகும் பெட்டிகளை எண்ணிச் சரிபார்ப்பது அவருடைய வேலை. கடையில் சாமான் வாங்கினால் காரை எடுப்பதற்கு முன் பில்லை ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போடுவார். அவர் கண்ணை வீதியில் வைத்துக்கொண்டே, "முப்பதில இருந்து நாப்பதுக்குப் பாஞ்சிட்டாய். முப்பத்தஞ்சை ஆர் திண்டது?" என்பார். நான் திரும்பவும் முப்பதிலிருந்து தொடங்குவேன். சில கிழமைகளில் அவருடைய விரல்கள் என் வேகத்துக்கு ஸ்டியரிங்கில் தட்டத் தொடங்கின. சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவருடைய உதடும் என்னோடு சேர்ந்து அசைவதை நான் கண்டிருக்கிறேன்.

என் திறமைக்கு முதலில் பலியானவர் மாமா. அம்மாவின் தம்பி. கலியாணம் கட்டாதவர், லொறி ஓட்டுபவர், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அன்றைக்குச் சட்டியில் ஒரு மீன் துண்டு மிஞ்சியது. ஏலத்தில் காசு கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால், பாத்திரம் கழுவும் நாட்களைத்தான் விலையாகக் கேட்க வேண்டும். மாமா இரண்டு நாள் கேட்டார். நான் விடாமல், "ரண்டு ரண்டு கையில இருக்கு, மூண்டு ஆர் தாறது, தாறது தாறது" என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். மாமா பதறிப்போய் "மூண்டு" என்றார். நான் நாலுக்குப் போனேன். "நாலு!" என்றார். ஐந்தும் கேட்டார்.

அப்பா சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மச்சான், உன்னோட ஆரும் போட்டிக்கு வரேல்லை. நீ தனிய ஓடுறாய்" என்றார்.

அம்மா சிரித்த சிரிப்பில் புரைக்கேறிவிட்டது. மாமா சொன்ன சொல் தவறாமல் ஐந்து நாளும் வந்து கழுவினார். போகிறபோது, "இவளின்ர வாய்க்கு முன்னால புத்தி வேலை செய்யாது அத்தான். கை தானா எழும்புது" என்று அப்பாவிடம் முறைப்பட்டதும் நினைவிருக்கிறது.

இதையெல்லாம் எதற்காகச் சொல்கிறேன் என்று கேட்டால், எனக்கு அந்த நாளில் ஒரு பெரிய குறை இருந்தது. பெரியப்பா வீட்டோடு எங்களுக்குக் கதை பேச்சு இல்லை.

பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணன். சைக்கிளில் போகிற தூரத்தில்தான் வீடு. அவருடைய மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் என்னைவிட ஒரு வயதுகூட மூப்பில்லை. முன்பெல்லாம் சனிக்கிழமை முழுதும் அங்கேதான் கிடப்பேன். அந்த அக்காவுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை கொடுத்த நாளில் வந்தது வினை. மண்டபத்தில் கொண்டாட்டம். அத்தனை பேருக்கும் ஆட்டிறைச்சிக் கறி வைத்தவர் என் அப்பா. மண்டபத்துக் குசினியில் அவர் கிடாரத்துக்கு முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்த நேரம், இங்கே குடும்பப் படம் எடுத்துவிட்டார்கள். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அந்தப் படம் பெரிதாகச் சட்டம் போட்டுப் பெரியப்பா வீட்டுச் சுவரில் ஏறியது. அதில் எல்லோரும் இருந்தார்கள். பக்கத்து வீட்டு டேனிஷ் அம்மாகூட நடுவில் பூச்செண்டோடு நின்றார். தம்பி இல்லை.

அடுத்த நாள் விடிய முதல் வேலையாக அப்பா போய்த் தன்னுடைய கிடாரத்தைக் கழுவாமலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "கேட்டிருந்தால் நான் கழுவித் தந்திருக்க மாட்டனோ" என்று பெரியப்பா யாரிடமோ சொன்னாராம். அது அப்பாவின் காதுக்கு வந்தது. அப்பா திருப்பி ஏதோ சொன்னது அவருடைய காதுக்குப் போனது. அதன் பிறகு இரண்டு வருடமாக ஒரே தேவாலயத்தில் ஆளுக்கொரு பக்கத்து மர வாங்கில் இருந்து ஒரே மாதாவைக் கும்பிட்டார்கள். சமாதான வாழ்த்துச் சொல்கிற நேரத்தில் அப்பா வலது பக்கம் திரும்பிக் கைகொடுப்பார், பெரியப்பா இடது பக்கம். தண்ணீருக்குள் அடித்தாலும் தண்ணீர் விலகாது என்பார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீர் டென்மார்க்கின் குளிரில் உறைந்துவிட்டது போலும்.

அந்த ஆவணியில் மாதா திருநாள் வந்தது. எங்கள் ஆட்கள் திருநாளுக்குத் தங்கள் தோட்டத்து முதற்பலனைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பூசைக்குப் பிறகு விளையாட்டு மண்டபத்தில் அது ஏலத்துக்கு வரும். ஏலம் கூறுபவர் எப்போதும் மாமாதான். குரல் இருந்தது, ஆனால் ஒரு பாகற்காய்க்கு மூன்று பகிடி சொல்லுவார். முந்தின வருடம் நேரம் போனதே தெரியாமல், மண்டபத்தை அடுத்து எடுத்திருந்த பூப்பந்துக்காரர் மட்டைகளோடு வாசலில் காத்து நின்றார்கள். டேனிஷ்காரர் கோபத்தைக் காட்ட மாட்டார்கள். மணிக்கூட்டைப் பார்த்துப் புன்னகைப்பார்கள். அது இன்னும் மோசம். இந்த முறை கடைசிச் சாமான்களைப் பிள்ளை கூறட்டும் என்று மாமாவே சொல்லிவிட்டார்.

அப்பா கொடுத்தது ஒரு புடலங்காய். தோட்டத்தின் மூலையில் அவர் கண்ணாடியால் கட்டிய செடிவீடு இருந்தது. டிரிவ்ஹூஸ் என்றுதான் வீட்டில் சொல்வோம். அதற்குள் கூரையிலிருந்து புடலங்காய்கள் தொங்கும். வளையாமல் நேரே நீள வேண்டுமென்று ஒவ்வொன்றின் நுனியிலும் நூலில் கல் கட்டிவிடுவார். அந்தக் காய் என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. விதை ஒரு காலத்தில் பெரியப்பா கொடுத்தது. பாவம், அவருடைய தோட்டத்தில் புடலை முளைவிட்ட அன்றே நத்தை வந்து தின்றுவிடும். புடலங்காய்க் கறி என்றால் உயிரை விடுகிற மனிதர்.

அதை வைத்துத்தான் நான் திட்டம் போட்டேன். கூறியவரே சாமானைக் கொண்டுபோய் எடுத்தவரிடம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஏலத்தின் வழக்கம். பெரிய சாமான் என்றால் வீடு வரைக்கும். பெரியப்பா நிச்சயம் அந்தக் காயைக் கேட்பார். நான் ஒரு நுனியைப் பிடிப்பேன், அக்கா மறு நுனியைப் பிடிப்பாள், அப்படியே அவர்கள் வீட்டுக்குள் நுழைந்துவிடுவேன். உள்ளே போன பிறகு என்ன என்று யோசிக்கவில்லை. உள்ளே போனால் போதும் என்றிருந்தது.

நான் கதிரையில் ஏறியபோது பூப்பந்துக்காரர் இந்த வருடமும் வந்துவிட்டார்கள். முதல் 'தாங்கோ' வெளியே வந்ததும் வாய் தானாக ஓடத் தொடங்கியது. ஒரு கூடை தக்காளி, ஒரு பெட்டி பயற்றம் பணியாரம், பாகற்காய், கேக் எல்லாம் பறந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் "ஒருதரம், ரண்டுதரம், மூண்டுதரம்" என்று சொல்லி, டேனிஷில் "ஸோல்ட்!" என்று காலால் கதிரையில் ஒரு உதை விடுவேன். வாசலில் நின்ற பூப்பந்துக்காரர் மட்டையில் தட்டி ஆரவாரித்தார்கள். ரோல்ஸைக் கடித்தபடி நின்றவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பிறகு இரண்டு பேராகப் புடலங்காயைத் தூக்கி வந்தார்கள். நான் ஐம்பது குரோனரில் தொடங்கினேன். நினைத்தபடியே தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருந்த பெரியப்பாவின் கை எழும்பியது. மனதுக்குள் துள்ளிக் குதித்தேன். ஒருதரம் சொல்ல வாய் எடுக்க முன், மண்டபத்தின் மறு பக்கத்தில் இன்னொரு கை எழும்பியது. அது என் அப்பாவின் கை.

தான் வளர்த்த காயைத் தானே கேட்கிறார். அண்ணன் தம்பி கதைப்பதில்லை என்பது அங்கே தெரியாதவர்கள் பூப்பந்துக்காரர் மட்டும்தான். பெரியப்பா கேட்டார். அப்பா கேட்டார். பெரியப்பாவின் முகம் சிவந்தது. அப்பாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் அந்தக் காயை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று என் தலை அங்கும் இங்கும் திரும்பியது. கீழே அம்மா, "இவருக்கென்ன விசரோ, வீட்டில கொத்துக் கொத்தாத் தொங்குது" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்வது கேட்டது. நான் மனதுக்குள், 'அப்பா விடுங்கோ, அப்பா விடுங்கோ' என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஆனால் வாய் அதன் பாட்டில் "தாங்கோ தாங்கோ" என்று ஓடியது.

அப்பா நானூறு கேட்டதும் பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் சாய்ந்துவிட்டார்.

என் திட்டம் அங்கேயே செத்துவிட்டது. அக்கா தன் தாயின் பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. முறைப்படி நான் ஒருதரம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மனம் வரவில்லை. பெரியப்பா ஒருவேளை மனம் மாறுவார் என்று, "நானூறு நானூறு கையில இருக்கு, நானூத்தைம்பது ஆர் தாறது" என்று இன்னும் வேகமாக ஓடினேன்.

அப்பா கையை உயர்த்தினார்.

யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. உயர்ந்த கை உயர்ந்த கைதான் என்று நான் நானூற்றைம்பதைப் பிடித்துக்கொண்டு ஐந்நூறுக்குப் போனேன். அப்பா மறுபடியும் உயர்த்தினார். சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மாமா எனக்குப் பின்னால் நின்று, "பிள்ளை, பிள்ளை" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். ஐந்நூற்றைம்பதுக்கும் அப்பாவின் கை போயிற்று.

தேநீர்ப் பானைப் பக்கம் ஒரு கதிரை தடாலென்று விழுந்தது. பெரியப்பா எழும்பி நின்றார்.

"டேய்! டேய்! உனக்கு விசரே? உன்ர விலைக்கு மேல நீயே கேட்டுக்கொண்டு நிக்கிறாய்! ஆரும் கேக்கேல்லையடா. கையைக் கீழ இறக்கு!"

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் தன் தம்பிக்குச் சொன்ன முதல் சொல் அதுதான். மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார். சொன்ன பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கே தெரிந்ததுபோல் வாயைத் திறந்தபடி நின்றார்.

அப்பா மெதுவாகத் திரும்பினார். கையை இறக்கினார். "அப்பிடியே அண்ணை? நான் கவனிக்கேல்லை" என்றார்.

"கவனிக்கேல்லையாம்! சின்னனில இருந்து இவனுக்கு இதுதான்." பெரியப்பா இப்போது என் பக்கம் திரும்பினார். "நீயும் கொஞ்சம் மூச்சு விட்டுக் கூறம்மா. பெத்த தேப்பனையே வித்துப்போடுவாய் போல கிடக்கு."

சனம் வெடித்துச் சிரித்தது. நான் கோபத்தில் நின்றேன். இவ்வளவு அழகாக ஏறிக்கொண்டிருந்த விலையைப் பெரியப்பா கெடுத்துவிட்டார் என்று எனக்குக் கோபம். மாமா முன்னுக்கு வந்து விலையை நானூறுக்கு இறக்கவா என்று கேட்டார். சொன்னது சொன்னதுதான், மாதாவின் காரியம் என்று அப்பா தலையாட்டிவிட்டார். மூண்டுதரம் சொல்லி உதைத்தேன். காயின் ஒரு நுனியை நானும் மறு நுனியை மாமாவும் பிடித்து அப்பாவிடம் கொண்டுபோனோம்.

அவர் அதை வாங்கவில்லை. "அண்ணையிட்டைக் குடுங்கோ. அண்ணி நல்லாச் சமைப்பா" என்றார்.

பெரியப்பா அந்தக் காயை இரண்டு கையாலும் குழந்தையைப் போல வாங்கினார். தடவிப் பார்த்தார். "இது நான் தந்த விதையெல்லோ" என்றார். "ஓம்" என்றார் அப்பா. சமாதானப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

பெரியப்பாவின் சின்னக் காருக்குள் காய் அடங்கவில்லை. எங்கள் காரின் ஒரு பக்கத்துக் கதிரையை மடித்து நீட்டிவைத்தோம். நானும் அக்காவும் அதன் ஓரமாக நெருக்கியடித்து இருந்து ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டோம். அவள் நீச்சலில் எந்த வகுப்பில் இருக்கிறாய் என்று டேனிஷில் கேட்டாள். இரண்டு வருடத்துக் கதையைப் பத்து நிமிடத்துக்குள் சொல்லி முடித்தேன். அந்த வேகம் என்னிடம் இருந்தது.

அன்று பின்னேரம் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டோம். அப்பா அந்தப் படத்துக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றார். பெரியம்மா குசினி வாசலில் பயந்துபோய்ப் பார்த்தார். "எல்லாரும் வடிவா விழுந்திருக்கினம்" என்றார் அப்பா. பிறகு கையைக் கழுவிக்கொண்டு குசினிக்குள் போய்ப் புடலங்காயை வெட்டத் தொடங்கினார். பெரியப்பாவும் பின்னாலே போனார். கத்தியைப் பிடிக்கத் தெரியாதவர் அங்கே போய் என்ன செய்தாரோ, சாப்பாடு ஆகும்வரை வெளியே வரவில்லை.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் வாயின் வேகத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லுவேன். கணக்கில் புலியான என் அப்பாவையே பதினொரு வயதில் தடுமாற வைத்தேன் என்று பெருமை அடிப்பேன். போன ஆண்டு வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நடுவில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் ஸ்டியரிங்கில் தட்டிய விரல்கள் நினைவுக்கு வந்தன. முப்பத்தைந்தைத் தின்றது யார் என்று கேட்டவரும், "நீ தனிய ஓடுறாய்" என்று மாமாவுக்குச் சொன்னவரும் அவர்தான். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிலும் என் கூறலை மனப்பாடமாக அறிந்திருந்தவர் ஒரே ஒருவர்தான்.

அந்தக் கிழமையே இக்காஸ்டுக்குப் போனேன். அப்பா டிரிவ்ஹூஸுக்குள் ஏணியில் நின்று ஒரு பிஞ்சின் நுனியில் கல் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கத்தக்கதாக, "அண்டைக்கு உங்களுக்கு உண்மையா விளங்கேல்லையோ அப்பா?" என்றேன். எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கல்லை மெல்ல விட்டுப் பார்த்தார், காய் பாரம் தாங்குகிறதா என்று.

"நீ கூறினது எல்லாம் எனக்கு விளங்கினதுதான் பிள்ளை" என்றார். "அண்ணை எத்தினை தரம் பொறுத்துக்கொண்டு இருப்பார் எண்டதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது."